கலங்கல் தண்ணீர் தொங்கலா, கூழ்மமா? மூன்று நாள் ஆகியும் தெளியவில்லை

கோபி சைக்கிள்கடை
ஞாயிறு, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். கோபிச்செட்டிபாளையம் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். மகள் ஒன்பதாம் வகுப்பு. போன வாரம் அவளுக்குத் தொங்கல், கூழ்மம் இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று பாடம் நடந்திருக்கிறது. புத்தகத்தில் அட்டவணை போட்டிருக்கிறார்கள். தொங்கலில் துகள் பெரியது, அசையாமல் வைத்தால் அடியில் படியும், வடிகட்டிப் பிரிக்கலாம். கூழ்மத்தில் துகள் சிறியது, படியாது, வடிதாளில் தங்காது. தொங்கலுக்கு உதாரணம் கலங்கல் தண்ணீர், கூழ்மத்துக்குப் பால்.

அவள் எதையும் செய்து பார்த்தால்தான் விடுவாள். வியாழக்கிழமை மழை விட்டதும் சாயங்காலம் ஆறு மணி வாக்கில், வாய்க்காலில் செம்மண் கரைந்து ஓடிய தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தாள். ஸ்கேல் வைத்து அளந்தாள், தண்ணீர் 20 செ.மீ. உயரம். அலமாரி மேல் வைத்து, யாரும் தொடக்கூடாது என்று சீட்டு ஒட்டிவிட்டாள்.

முதல் ஐந்து நிமிடத்திலேயே அடியில் அரை விரற்கடை மணல் இறங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் அந்த மணலுக்கு மேல் வழவழவென்று ஒரு சேற்றுப் படலம். அதோடு சரி. இன்று இரவு வரைக்கும் மேல் தண்ணீர், பால் கம்மியாக ஊற்றிய டீ மாதிரியே நிற்கிறது. அதில் கொஞ்சம் எடுத்து, வெள்ளை வேட்டித் துணியை நாலாக மடித்து ஊற்றிப் பார்த்தோம். துணியில் ஒன்றும் தங்கவில்லை, அதே நிறத்தில் கீழே இறங்கிவிட்டது.

இரண்டு சந்தேகம். கலங்கல் தண்ணீர் தொங்கல் என்றால் ஏன் முழுசாகப் படியவில்லை? அப்புறம், இவள் புத்தகத்தில் கூழ்மத் துகள் 100 நானோமீட்டர் வரை என்று இருக்கிறது. என் அண்ணன் மகன் பன்னிரண்டாம் வகுப்பு, அவன் வேறு பாடத்திட்டம், அவன் புத்தகத்தில் 1000 நானோமீட்டர் வரை என்று போட்டிருக்கிறது. பத்து மடங்கு வித்தியாசம். எது சரி?

“புத்தகம் தப்பா, என் பாட்டில் தப்பா அப்பா?” என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டியூஷன் மாஸ்டர்
ஞாயிறு, இரவு 9.55

இன்னும் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள், படியும். கலங்கல் தண்ணீர் தொங்கல்தான், அதில் சந்தேகம் வேண்டாம். தேர்வில் அப்படி எழுதினால்தான் மதிப்பெண். அளவுக்கு அவரவர் புத்தகத்தில் உள்ளதை எழுதச் சொல்லுங்கள்.

குடிநீர் கெமிஸ்ட்
ஞாயிறு, இரவு 11.10

தம்பி, பாப்பாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். புத்தகமும் தப்பில்லை, பாட்டிலும் தப்பில்லை. அந்தப் பாட்டிலுக்குள் தொங்கலும் இருந்தது, கூழ்மமும் இருந்தது. தொங்கல் இறங்கிவிட்டது. மிச்சம் நிற்பது கூழ்மம். கலங்கல் தண்ணீர் என்று ஒரே பெயரால் கூப்பிடுவதால் அது ஒரே பொருள் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது.

காவிரிக் கரையில் ஒரு குடிநீர் நிலையத்தில் 26 வருடம் கெமிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பாப்பா இப்போது செய்திருப்பதுதான் அத்தனை வருடமும் என் வேலை. ஆற்றுத் தண்ணீரில் எது தானாக இறங்கும், எது இறங்கவே இறங்காது என்று பார்த்துப் பிரிப்பது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

தண்ணீருக்குள் ஒரு மண் துகள் இருக்கிறது. பூமி அதைக் கீழே இழுக்கிறது. அதே நேரம் தண்ணீரின் மூலக்கூறுகள் நாலா பக்கமும் அதை முட்டிக்கொண்டே இருக்கின்றன. பெரிய துகளுக்கு இந்த முட்டல் உறைக்காது, தேர் மேல் ஈசல் மோதினால் தேருக்கு என்ன? ஆனால் துகள் சிறியதாக ஆக ஆக, ஒரு பக்கம் விழும் முட்டலும் மறுபக்கம் விழும் முட்டலும் சரிக்குச் சரியாக இருப்பதில்லை. துகள் நிலைகொள்ளாமல் அலையும். 1827-ல் ராபர்ட் பிரௌன் மகரந்தத்திலிருந்து வெளிவந்த நுண்துகள்கள் தண்ணீரில் ஓயாமல் துடிப்பதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். மூலக்கூறுகள் முட்டுவதால்தான் அந்தத் துடிப்பு என்று 1905-ல் ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டுக் காட்டினார். புத்தகத்தில் பிரௌனியன் இயக்கம் என்று இருப்பது இதுதான்.

ஆக, படியுமா படியாதா என்பது இழுப்புக்கும் அலைச்சலுக்கும் நடக்கிற மல்லுக்கட்டு. யார் ஜெயிக்கிறார்கள் என்று கணக்கில் பார்த்துவிடலாம். துகள் உருண்டையானது, சாதாரண மண்ணின் அடர்த்தி என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு மைக்ரான் என்றால் 1000 நானோமீட்டர்.

10 மைக்ரான் துகள் ஒரு நொடியில் சுமார் 90 மைக்ரான் கீழே இறங்கும். அந்த ஒரு நொடியில் முட்டலால் அது நகர்வது அரை மைக்ரான்கூட இல்லை. போட்டியே கிடையாது. பாப்பாவின் 20 செ.மீ. உயரத்தை அது நாற்பது நிமிடத்துக்குள் கடந்து அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

100 நானோமீட்டர் துகளைப் பாருங்கள். அளவு பத்தில் ஒன்றானால் இறங்கும் வேகம் நூறில் ஒன்றாகிவிடும், ஸ்டோக்ஸ் விதி அப்படி. நம் துகள் 10 மைக்ரானிலிருந்து நூறில் ஒரு பங்காகிவிட்டதால் வேகம் பத்தாயிரத்தில் ஒன்று. ஒரு நொடியில் இறங்குவது வெறும் 9 நானோமீட்டர். அதே நொடியில் முட்டல் அதை எங்கேயோ 3000 நானோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டுவிடும். 20 செ.மீ. இறங்க இதற்கு எட்டு மாதத்துக்கு மேல் ஆகும், அதுவும் தண்ணீர் துளியும் அசையாமல் இருந்தால். வீட்டில் பகலில் சூடேறி ராத்திரியில் ஆறும்போது பாட்டிலுக்குள் தண்ணீர் மெல்லச் சுழலும். அந்தச் சுழற்சியே போதும், இதை மறுபடி மேலே தூக்கிவிட.

இப்போது நடுவில் இருக்கிற 1 மைக்ரான், அதாவது 1000 நானோமீட்டர். ஒரு நொடியில் இறங்குவது சுமார் 0.9 மைக்ரான். அலைவதும் சுமார் 0.9 மைக்ரான். இரண்டும் சமம்! நேரம் போகப் போக இறங்குவது சீராகக் கூடிக்கொண்டே போகும், அலைச்சல் அந்த அளவுக்குக் கூடாது. அதனால் கடைசியில் இதுவும் படியும், ஆனால் 20 செ.மீ. கடக்க 62 மணி நேரம் எடுத்துக்கொள்ளும்.

பாப்பா வியாழன் ஆறு மணிக்கு வைத்தாள், நீங்கள் எழுதியது ஞாயிறு ஒன்பது மணிக்கு. 75 மணி நேரம். அந்த நேரத்தில் 20 செ.மீ. கடக்கும் துகளின் அளவைக் கணக்கிட்டால் 900 நானோமீட்டர் வருகிறது. அதற்குப் பெரியதெல்லாம் அடியில், சிறியதில் பெரும்பகுதி மேலே. உங்கள் அண்ணன் மகன் புத்தகம் எந்த இடத்தில் கோடு போட்டிருக்கிறதோ, கிட்டத்தட்ட அதே இடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒரு பாட்டிலையும் ஒரு சீட்டையும் வைத்துப் பிரித்துவிட்டாள். இதைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

100-ஆ 1000-ஆ என்று கேட்டீர்கள். உலக வேதியியலாளர்களின் பொது அமைப்பான ஐயூபேக் வரையறையில் 1 நானோமீட்டரிலிருந்து 1 மைக்ரான் வரை, ஏதாவது ஒரு பக்கத்தில் அந்த அளவு இருந்தால் போதும். சில பாடப்புத்தகங்கள் 100-லேயே நிறுத்திக்கொள்கின்றன. இந்த எண்கள் மனிதர்கள் போட்ட கோடுகள். தண்ணீருக்குள் அப்படி ஒரு கோடு இல்லை, இழுப்பின் கை தாழ்ந்து அலைச்சலின் கை ஓங்குகிற ஒரு பட்டைதான் இருக்கிறது. பாப்பா அவள் புத்தகத்தில் உள்ளதையே தேர்வில் எழுதட்டும், ஆனால் ஏன் அந்தப் பக்கத்தில் கோடு விழுகிறது என்று தெரிந்து எழுதட்டும்.

சரி, இன்னொன்று இருக்கிறது, அட்டவணைகளில் பெரும்பாலும் விட்டுவிடுவது. இந்தச் சின்னத் துகள்கள் இப்படி அலைந்தால் ஒன்றோடொன்று மோதும்தானே? மோதி ஒட்டிக்கொண்டால் பெரிதாகிவிடுமே, பெரிதானால் படிந்துவிடுமே? ஒட்டுவதில்லை. களிமண் துகள் ஒவ்வொன்றின் மேலும் எதிர்மின்சுமை இருக்கிறது. ஒரே மின்சுமை, கிட்டே வந்தால் தள்ளிவிடும். கூழ்மம் கூழ்மமாகவே நிற்பதற்குச் சின்ன அளவு பாதிக் காரணம், இந்த மின்சுமை மீதிக் காரணம்.

அந்த மின்சுமையை உடைப்பதுதான் படிகாரத்தின் வேலை. எங்கள் அம்மாயி குடத்துத் தண்ணீரில் படிகாரக் கட்டியை நாலு சுற்று சுற்றி எடுத்துவிடுவார். அதற்கும் முந்தி மண்பானையின் உள்பக்கத்தில் தேத்தான்கொட்டையை உரைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுவார்களாம். நிலையத்தில் நாங்கள் அலுமினிய சல்பேட்டைப் பலகைப் பலகையாக லாரியில் இறக்குவோம், ஆலம் என்போம். அலுமினிய அயனிக்கு மூன்று நேர்மின்சுமை. அது களிமண்ணின் எதிர்மின்சுமையை அமுக்கிவிடும். தவிர, தண்ணீரோடு வினைபுரிந்து அலுமினியம் ஹைட்ராக்சைடு என்று கண்ணுக்கே தெரிகிற பஞ்சு மாதிரி ஒன்று உண்டாகி, துகள்களை வாரிச் சேர்த்துக்கொண்டு இறங்கும். பஞ்சு பஞ்சாகத் திரள்கிற அதை ஃப்ளாக் என்போம்.

அதிகம் போட்டால் இன்னும் நன்றாகத் தெளியும் என்று எல்லோரும் நினைப்பார்கள். ஒரு நவம்பர் மழை இரவு இப்படித்தான் ஆனது. ஆற்றில் வெள்ளம். வழக்கமாக 12 என்.டி.யூ. (கலங்கலை அளக்கிற அலகு) இருக்கிற கலங்கல் 380-க்கு ஏறிவிட்டது. ஷிஃப்டில் இருந்தவர்கள் பயந்துபோய் ஆலத்தை இரண்டு மடங்கு, அப்புறம் அதற்கும் மேல் கூட்டிவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது இரவு இரண்டு மணி. கிளாரிஃபயர், அதாவது பஞ்சைப் படியவிட்டுத் தண்ணீரைத் தெளியவைக்கிற தொட்டி, முழுக்கப் பாலாக நிற்கிறது, ஒரு பஞ்சு கிடையாது.

ஜார் டெஸ்ட் வைத்தேன். ஆறு கண்ணாடி ஜார், ஆறிலும் ஒரே ஆற்றுத் தண்ணீர், ஒவ்வொரு லிட்டர். ஆலம் 20, 40, 60, 80, 100, 120 மில்லிகிராம். ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கிவிட்டு, துடுப்புகளை மெதுவாகச் சுற்றவிட்டு, பின்னால் ஒரு விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது ஜாரில் முதலில் ஊசிமுனைப் புள்ளிகள். ஐந்து நிமிடத்தில் ரவை அளவு. பத்து நிமிடத்தில் ஊறின அவல் மாதிரி, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே தண்ணீர் தெளிந்து விளக்கு அப்படியே தெரிகிறது. ஆறாவது ஜாரில், 120 போட்டதில், ஒன்றுமே இல்லை. ஆரம்பத்தில் எப்படி இருந்ததோ அப்படியே.

வெள்ளத் தண்ணீரில் காரத்தன்மை, அதாவது அமிலத்தை ஈடுகட்டுகிற சக்தி, குறைந்துவிடும், அன்று லிட்டருக்கு 60 மில்லிகிராம்தான் இருந்தது. ஒரு மில்லிகிராம் ஆலம் சுமார் அரை மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்றுவிடும். 120 போட்டால் 60-ம் காலி. பி.எச். ஐந்துக்குக் கீழே போய்விட்டது, அந்த அமிலத்தில் பஞ்சு உண்டாகவே உண்டாகாது. அதோடு நேர்மின்சுமை மிஞ்சிப்போய்த் துகள்களின் மேல் போர்த்திக்கொண்டால், எல்லாம் எதிர்மின்சுமையாக இருந்தது மாறி எல்லாம் நேர்மின்சுமையாகி மறுபடி ஒன்றையொன்று தள்ள ஆரம்பித்துவிடும். கூழ்மம் உடையாமல் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கும். 60-க்குக் குறைக்கச் சொன்னேன். விடியும்போது தொட்டி ஓரத்தில் நின்றால் படிக்கட்டில் மூன்றாவது படி வரை தெரிந்தது.

கூழ்மம் தொங்கலாக மாறுவதைக் கண்ணால் பார்ப்பது என்றால் அந்த மூன்றாவது ஜார்தான். பாப்பாவும் பார்க்கலாம். மேல் தண்ணீரை இரண்டு டம்ளரில் ஊற்றுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இன்னொன்றில் நாட்டு மருந்துக்கடைப் படிகாரத்தைப் பொடித்து ஒரு சிட்டிகையிலும் பாதி. அரை நிமிடம் நன்றாகக் கலக்கி, பிறகு பத்து நிமிடம் ஸ்பூனால் மிக மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். தெளிந்துவிட்டது என்று குடித்துவிட வேண்டாம். படிகாரம் மண்ணைத்தான் இறக்கும், கிருமியைக் கொல்லாது.

துணியில் ஒன்றும் தங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். வேட்டித் துணி கிடக்கட்டும், ஆய்வகங்களில் சாதாரணமாகப் பயன்படுத்துகிற வாட்மன் 1-ஆம் நம்பர் வடிதாளே 11 மைக்ரானுக்கு மேற்பட்டதைத்தான் பிடிக்கும். அதற்குக் கீழே 2 மைக்ரான், 5 மைக்ரான் வண்டல் எல்லாம் தொங்கல்தான், ஆனாலும் தாளுக்குள் புகுந்து போய்விடும். ஆகவே ‘வடிகட்டலாம்’ என்ற வரி பெரிய துகளுக்கு மட்டும் பொருந்தும்.

தேனி மெடிக்கல்
திங்கள், காலை 7.40

அக்கா எழுதியதைப் படித்ததும் எனக்கும் சொல்லத் தோன்றியது. மருந்தாளுநராக இருக்கிறேன். எங்கள் தொழிலில் கரைசல் எது, தொங்கல் எது என்று தெரியாவிட்டால் நேராக நோயாளிக்குப் பாதிப்பு.

குழந்தைகளுக்குத் தருகிற காய்ச்சல் மருந்தில் இரண்டு வகை வரும். ஒன்று சிரப், அதில் மருந்து முழுக்கக் கரைந்திருக்கும், உண்மைக் கரைசல். இன்னொன்று சஸ்பென்ஷன், அதில் மருந்துப் பொடி மிதந்துகொண்டிருக்கும், தொங்கல். “நன்றாகக் குலுக்கிய பின் பயன்படுத்தவும்” என்பது இரண்டாவதற்கு உயிரான வரி. ஒரு பாட்டி பேரனுக்கு மருந்து கொடுத்திருக்கிறார். முதல் இரண்டு நாள் காய்ச்சல் இறங்கவே இல்லை, “மருந்து வேலை செய்யவில்லை” என்று பாட்டிலோடு வந்தார். வாங்கிப் பார்த்தால் அடியில் வெள்ளையாகக் கெட்டிப்பட்டிருக்கிறது. குலுக்காமலேயே மேலாக இருந்த இனிப்புத் தண்ணீரைக் கொடுத்திருக்கிறார். அப்படியே தொடர்ந்திருந்தால் கடைசி இரண்டு நாளில் அந்தக் குழந்தைக்கு அளவுக்கு மீறிய மருந்து போயிருக்கும். அன்றிலிருந்து சஸ்பென்ஷன் எது கொடுத்தாலும் அவர்கள் கண் முன்னாலேயே குலுக்கிக் காட்டித்தான் கொடுக்கிறேன்.

அக்கா சொன்ன பஞ்சு விஷயம் எங்களிடமும் உண்டு, ஆனால் வேறு காரணத்துக்காக. மருந்துத் துகள்கள் தனித்தனியாக, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இறங்கினால் மெதுவாகத்தான் இறங்கும். கேட்க நல்லதாகத் தெரியும். ஆனால் அடியில் போய் நெருக்கமாக அடைந்து, சிமெண்ட் மாதிரி இறுகிவிடும், எவ்வளவு குலுக்கினாலும் எழும்பாது. அதனால் தயாரிக்கும்போதே கொஞ்சம் பஞ்சாகத் திரளும்படி செய்வார்கள். சீக்கிரம் படியும், ஆனால் பொலபொலவென்று படியும். நாலு குலுக்கில் பழையபடி கலந்துவிடும். சீக்கிரம் படிகிற மருந்து மட்டமான மருந்து என்று நினைக்காதீர்கள்.

டியூஷன் மாஸ்டர்
திங்கள், காலை 8.15

அக்கா, நேற்று அவசரப்பட்டு எழுதிவிட்டேன். ஒரு வாரம் வைத்தாலும் முழுசாகத் தெளியாது என்று இப்போது புரிகிறது. ஒரு கேள்வி. பாலைக் கூழ்மம் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கூழ்மம் பிரியாது என்கிறோம். பிறகு கறந்த பாலை வைத்தால் மேலே ஏன் ஏடு கட்டுகிறது? ஒரு பையன் இதைக் கேட்டு இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை.

இன்னொன்று, டிண்டால் விளைவு, அதாவது டார்ச் அடித்தால் ஒளியின் பாதை உள்ளே தெரிவது, தெரிந்தால் கூழ்மம், தெரியாவிட்டால் தொங்கல் என்று பிரிக்கலாமா?

குடிநீர் கெமிஸ்ட்
திங்கள், பகல் 1.30

அந்தப் பையன் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறான். பாலும் வாய்க்கால் தண்ணீர் மாதிரிதான், உள்ளே ஒன்றுக்கு மேற்பட்டது இருக்கிறது. பாலின் வெள்ளைக்குப் பெரிய காரணம் கேசீன் என்ற புரத உருண்டைகள். அவை பெரும்பாலும் 100, 200 நானோமீட்டர் அளவு, அசல் கூழ்மம். கொழுப்புத் துளிகள் அப்படியில்லை. சராசரியாக 3, 4 மைக்ரான், சில துளிகள் 10 மைக்ரான் வரைகூடப் போகும். கொழுப்பு தண்ணீரை விட லேசானது என்பதால் கீழே படிவதற்குப் பதில் மேலே ஏறுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பாக்கெட் பாலில் சில வகைகளில் இந்தத் துளிகளை அழுத்தி உடைத்து ஒரு மைக்ரானுக்கும் கீழே கொண்டுவந்துவிடுவார்கள். அதில் ஏடு கட்டாது. ஏட்டை முழுக்க எடுத்துவிட்ட பாலை எத்தனை நாள் குளிரில் வைத்தாலும் கேசீன் இறங்காது, வெள்ளையாகவே நிற்கும்.

அதே பாலில் உறை ஊற்றுங்கள். புளிக்கப் புளிக்க அமிலம் கூடி, பி.எச். 4.6 பக்கம் வரும்போது கேசீனின் மின்சுமை இல்லாமல் போய்விடும். தள்ளுவதற்கு ஒன்றுமில்லை, ஒட்டிக்கொண்டு தயிராகிவிடும். அதைக் கடைந்து மோராக்கி வைத்தால் கொஞ்ச நேரத்தில் வெள்ளை கீழே, தெளிவு மேலே. மோர் தொங்கல். பாலிலிருந்து மோர் வரைக்கும் கேசீன் மாறவில்லை, அது சேர்ந்திருக்கிற கட்டியின் அளவுதான் மாறியது. கூழ்மம் இப்படித் திரள்வதற்குப் பாடப்புத்தகத்தில் ‘திரிதல்’ என்று பெயர். பால் திரிந்துவிட்டது என்று அடுப்படியில் சொல்கிற அதே சொல். இந்தச் சொல்லை எடுத்துப் போட்டவருக்கு நான் மனதுக்குள் எத்தனையோ முறை கும்பிடு போட்டிருக்கிறேன்.

கூழ்மம் என்ற சொல்லும் கூழிலிருந்து வந்ததுதான், அதுவும் பொருத்தம். பச்சரிசி மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கலக்கி வையுங்கள், கொஞ்ச நேரத்தில் மாவு அடியில். அது தொங்கல். அதையே கிளறிக் காய்ச்சுங்கள், மாவுமணிகள் தண்ணீர் குடித்து உப்பி உடைந்து கஞ்சியாகும். இனி அடியில் படியவே படியாது. அதே அரிசி, அதே தண்ணீர்! 1861-ல் தாமஸ் கிரகாம் கூழ்மங்களுக்குப் பெயர் வைத்தபோது கிரேக்க மொழியில் பசையைக் குறிக்கிற சொல்லை எடுத்தார். அவர் கூழ்மம் என்பது ஒரு தனி ரகப் பொருள் என்று நினைத்தார். பிறகுதான் தெரிந்தது, அது பொருளின் ரகம் இல்லை, பொருள் எந்த அளவுக்குத் துண்டாகி இருக்கிறது என்கிற நிலை. தங்கத்தைக்கூடக் கூழ்மமாக்கலாம். மைக்கேல் ஃபாரடே 1857-ல் செய்தார், மாணிக்கச் சிவப்பில் இருக்கும். அவர் செய்த சில பாட்டில்கள் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இன்னும் இருக்கின்றன. தண்ணீரை விட 19 மடங்கு கனமான தங்கம், 160 வருடத்துக்கு மேலாக அடியில் போகாமல் நிற்கிறது. துகள் அவ்வளவு சின்னது.

டிண்டால் விஷயத்தில் மட்டும் கவனம் மாஸ்டர். ஒளிக்கற்றை தெரிவது கூழ்மத்தை உண்மைக் கரைசலிலிருந்து பிரிக்கத்தான் உதவும். உப்புத் தண்ணீரில் டார்ச் அடித்தால் பாதை தெரியாது, ஒரு சொட்டுப் பால் விட்ட தண்ணீரில் தெரியும். தொங்கலும் ஒளியைச் சிதறடிக்கும். அதை வைத்துக் கூழ்மத்தையும் தொங்கலையும் பிரிக்க முடியாது. கலங்கலை அளக்கிற எங்கள் மீட்டரே சிதறும் ஒளியைத்தான் அளக்கிறது, அதற்கு இரண்டும் ஒன்றுதான். அவற்றைப் பிரிக்க நேரம்தான் கருவி. அசையாமல் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

கோபி சைக்கிள்கடை
புதன், இரவு 8.50

அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று இரவு கடையை அடைத்துவிட்டு வந்து இரண்டு பேரும் உட்கார்ந்து செய்தோம். படிகாரம் போட்ட டம்ளரில் முதல் மூன்று நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. நான் போதும் என்றேன், அவள் நிறுத்தவில்லை. பிறகு செல்போன் டார்ச்சை டம்ளருக்குப் பின்னால் பிடித்தாள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. அக்கா சொன்ன மாதிரியே ரவை. கால் மணி நேரம் கழித்து ஸ்பூனை எடுத்ததும் அந்த ரவை எல்லாம் ஆடி ஆடி இறங்கியதை இரண்டு பேரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். காலையில் டம்ளருக்குப் பின்னால் செய்தித்தாளை வைத்துப் படிக்க முடிந்தது. சும்மா விட்ட டம்ளர் இன்னும் டீதான்.

அவள் மூன்றாவது டம்ளர் ஒன்று தானாகவே வைத்திருக்கிறாள். மின்சுமையை அமுக்குவதுதான் வேலை என்றால் உப்பு போட்டாலும் நடக்க வேண்டும்தானே என்று கேட்டாள். ஒரு டீஸ்பூன் கல்லுப்பு போட்டோம். அதிலும் தெளிந்தது, ஆனால் காலை வரை அரைகுறை, இன்று மாலை பள்ளி விட்டு வந்து பார்க்கும்போதுதான் முழுசு. படிகாரம் இத்தனூண்டு, உப்பு மட்டும் ஏன் ஒரு ஸ்பூன் தேவைப்படுகிறது என்று உங்களிடம் கேட்கச் சொன்னாள்.

குடிநீர் கெமிஸ்ட்
புதன், இரவு 9.30

உப்பு டம்ளர் வைக்கும்படி நான் சொல்லவே இல்லை, அவளாக யோசித்திருக்கிறாள். அவளிடம் சொல்லுங்கள்: சோடியத்துக்கு ஒரு மின்சுமை, அலுமினியத்துக்கு மூன்று. மூன்று மடங்கு வித்தியாசம்தானே என்று தோன்றும், ஆனால் திரிய வைக்கும் திறன் மின்சுமையோடு பல மடங்காகத் தாவும். ஷுல்ஸ்–ஹார்டி விதி என்று பெயர். ஆர்சனிக் சல்பைடு கூழ்மத்தைத் திரிய வைக்கச் சோடியம் குளோரைடு லிட்டருக்கு 51 மில்லிமோல் வேண்டும், அலுமினியம் குளோரைடு 0.093 போதும். ஐநூறு மடங்குக்கு மேல். களிமண்ணில் எண்கள் மாறும், ஆனால் போக்கு இதுதான்.

அவள் டம்ளரில் நடந்தது கடலோரத்தில் தினமும் நடக்கிறது. காவிரி இத்தனை தூரம் தூக்கிக்கொண்டு வருகிற நுண்களிமண், பூம்புகாரில் உப்புத் தண்ணீரைத் தொட்டதும் திரிந்து இறங்கும். ஆறு வேகம் குறைவதும் சேர்ந்து, முகத்துவாரத்தில் சேறு சேர்வதற்கு இது ஒரு காரணம். வாய்ப்புக் கிடைத்தால் அங்கே கூட்டிக்கொண்டு போய் ஆற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில், கழிமுகத்துத் தண்ணீர் ஒரு பாட்டில் பிடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

கோபி சைக்கிள்கடை
புதன், இரவு 9.45

படித்துக் காட்டினேன் அக்கா. பொங்கல் லீவில் பூம்புகார் போக வேண்டும் என்று இப்போதே நாள்காட்டியில் வட்டம் போட்டுவிட்டாள். இரண்டு காலி பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்திருக்கிறாள். பழைய பாட்டிலை மட்டும் கொட்ட விடவில்லை. “எட்டு மாதம் என்று சொன்னார்களே, பார்க்கலாம்” என்று சீட்டில் வியாழக்கிழமைத் தேதியைப் பெரிதாக எழுதி, அலமாரியின் மேல்தட்டில் பின்னால் தள்ளி வைத்துவிட்டாள்.